கடலடியில் நாங்கள் உழுத சால்

போன வாரம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்த பெண் அவள். கெட்டிக்காரிதான், ஆனால் எதைக் கேட்டாலும் அந்த நிமிஷமே வேண்டும். பேசும்போதும் கணினியில் தட்டிக்கொண்டே இருப்பாள். காதில் பாதி அவள் குரலும் பாதி டக்டக்கென்ற சத்தமுமாக விழும்.

அலுவலகத்தில் புது மென்பொருள் வந்திருக்கிறதாம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலின் அடித்தளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் கனிமம் அள்ளலாம், எந்தக் கட்டத்தைத் தொடாமல் விட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுமாம். நாங்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை அது.

"மேடம், ஒவ்வொரு கட்டத்துக்கும் 'அள்ளினா மறுபடி பழையபடி ஆக எத்தனை வருஷம்'னு கேக்குது. காலியா விட்டா அடுத்த பக்கத்துக்கே போகமாட்டேங்குது. நீங்க அந்த ரெண்டாவது பயணத்துல இருந்தீங்களாமே? ஏகாம்பரம் சார் என்ன நம்பர் போட்டாரு?"

இத்தனை வருஷம் கழித்தும் அதே கேள்வி. "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

நான் எஸ்தர், செங்கல்பட்டுக்காரி. எங்கள் முன்னோர் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். அப்பாதான் முதன்முதலாக ரயில்வேயில் தண்டவாள வேலைக்குப் போய் மாதச் சம்பளம் பார்த்தவர். நான் ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு முடித்து, கொஞ்ச காலம் வீட்டு பிளான் போட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடல் ஆய்வு அலுவலகம் ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலை கிடைத்தது. மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, கடற்கரைச் சாலையோரத்தில் இரண்டு மாடிக் கட்டடம். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய் வருவேன். உட்கார இடம் கிடைத்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

பிரிவின் தலைவர் ஏகாம்பரம் சார். முதல் நாள் அவர் என் முன்னால் பெரிய தாள் ஒன்றை விரித்தார். தாளில் கரையும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. ஆழத்தைக் காட்டும் எண்கள் மட்டும்.

"இந்த எடம் யாருதும்மா?"

"இந்தியாவோடது சார்."

"இல்ல."

"இலங்கையோடதா?"

"அதுவும் இல்ல. யாருதும் இல்லம்மா. எல்லாருதும்."

நான் திகைத்துப் போய்விட்டேன். மூன்று சென்ட் வீட்டுமனைக்குப் பட்டா வாங்க என் அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நடந்த நடையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். மாவட்டக் கணக்கில் நிலம் கிடக்கிறது, அதற்குப் பட்டாவே கிடையாது என்றால் எப்படி நம்புவது? கடலாக இருந்தால் என்ன, தண்ணீருக்குக் கீழே நிலம்தானே?

ஏகாம்பரம் சார் பொறுமையாகச் சொன்னார். கரையிலிருந்து ஒரு தூரம் வரைதான் நாட்டுக்கு உரிமை. அதற்கப்பால் உள்ள கடலடி உலகத்துக்கே பொது. அதைப் பார்த்துக்கொள்ள நாடுகள் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்திருக்கின்றன. அந்த அமைப்பிடம் கேட்டு, இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு பகுதியை ஆராயும் உரிமையை நம் நாடு வாங்கியிருக்கிறது. அங்கே ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், சேற்றின்மேல் உருளைக்கிழங்கைக் கொட்டி வைத்தது மாதிரி கரிய கட்டிகள் கிடக்கின்றன. உள்ளே நிக்கல், செம்பு, கோபால்ட், மாங்கனீசு. என்றைக்காவது அவற்றை அள்ளுவதாக இருந்தால், அதற்கு முன்னால் தொடாமல் விடும் இடம் எது என்று வரைந்து காட்ட வேண்டும். அள்ளும் இடத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றனவோ அதே உயிர்கள் தொடாத இடத்திலும் இருக்க வேண்டும். அந்த வரைபடம்தான் எங்கள் பிரிவின் தலைவலி.

சாரின் வேலைமுறையைச் சொல்லியே ஆக வேண்டும். நான் வரைந்த படத்தை மேஜையில் வைத்ததும் முதல் காரியமாக அதைத் தலைகீழாகத் திருப்பிவிடுவார். தெற்கு மேலே, வடக்கு கீழே. நேராக வைத்தால் தெரிந்ததைத்தான் கண் பார்க்கும், தலைகீழாக வைத்தால் இருப்பதைப் பார்க்கும் என்பார். அப்படியே கைகட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. டீக்காரர் வந்தால் வாசலிலேயே நின்றுவிடுவார். கடைசியில் பென்சில் முனையை ஓர் இடத்தில் வைப்பார். அங்கே நிச்சயம் தப்பு இருக்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஓர் இடத்தில் மண் எடுத்துப் பார்த்து அதில் உயிர் இல்லை என்றால் அந்தக் கட்டத்தை வெள்ளையாக விடலாம். பார்க்கவே இல்லை என்றால் சாய்கோடு போட வேண்டும். பார்த்தும் இல்லாததும், பார்க்காததும் ஒன்றாகிவிடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதம். என் முதல் படத்தில் முக்கால்வாசி சாய்கோடுதான். போட்டுப் போட்டு விரல் காய்த்துவிட்டது. "என்ன சார், மழை பெய்யுற மாதிரி இருக்கு" என்றேன். "அவ்ளோதாம்மா நமக்குத் தெரிஞ்சது" என்றார். கோபமே படாத மனிதர். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

தொடாத இடத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். பெரிய துண்டாக ஒன்றை ஒதுக்கினால், கட்டிகள் நெருக்கமாகக் கிடக்கும் நல்ல இடம் அதில் போய்விடும். டெல்லியில் இருந்த மேலதிகாரிகள் ஒப்பவில்லை. கட்டிகளே இல்லாத இடத்தை ஒதுக்கலாம் என்றால், அங்கே வாழும் உயிர்கள் வேறு, அதைக் காப்பாற்றி இதற்கு என்ன பயன்? எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

ஒரு நாள் சார் எங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு செய்யூர்ப் பக்கம் போனார். அவருடைய சொந்த ஊர் அங்கேதான். கூட வந்தவர் கன்னியப்பன். சதுரங்கப்பட்டினத்துக்காரர், கப்பலில் கம்பிவடத்தை இறக்கி ஏற்றும் விஞ்ச் இவர் பொறுப்பு. வாய் சும்மாவே இருக்காது.

சாருடைய சவுக்குத் தோப்பில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. தோப்பு முழுவதையும் வெட்டவில்லை. ஒரு பட்டை வெட்டி, பக்கத்துப் பட்டையை விட்டு, மறுபடி ஒரு பட்டை வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் புது நாற்று நட்டிருந்தது. நிற்கிற மரங்கள் கடற்காற்றையும் மணலையும் தடுத்து நாற்றைக் காப்பாற்றும். நாற்று மரமானதும் இதுவரை நின்ற பட்டையை வெட்டுவார்கள்.

சார் முகத்தில் அன்றைக்குத்தான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். கிராமத்துப் பேச்சு தானாக வந்துவிட்டது.

"பாத்தியாம்மா? ஒரு பட்டைய தொடு, ஒரு பட்டைய வுடு. வுட்டதுல கீற உயிருங்க தொட்டதுல போயி குடியேறும். அது தேறிக்கினதும் இத தொட்டுக்கலாம். நெலமும் போவாது, உசுரும் போவாது."

கன்னியப்பன் சவுக்கு மிலாரை ஒடித்துப் பல்லைக் குத்திக்கொண்டே, "அட, கடலுக்கே தோப்பு போட்டுட்டியே சார்!" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்கும் அன்றைக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. எங்கள் எல்லாருக்குமே வெட்டினால் முளைக்கிற பூமிதான் தெரியும். வேறு மாதிரி யோசிக்க எங்களுக்கு எங்கிருந்து தோன்றும்?

அந்தப் பட்டைத் திட்டத்தை நான் வரைந்தேன். விடும் பட்டை பச்சை, அள்ளும் பட்டை மஞ்சள். பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள் என்று பார்க்கவே அழகாக இருந்தது. டெல்லியில் கைதட்டினார்களாம். ஒரு துண்டு நிலமும் கைவிட்டுப் போகாத திட்டத்தை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனாலும் சார் ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் சின்னதாக ஓர் இடத்தைக் கிளறிப் பார்ப்போம், சில வருஷம் விட்டுப் போய்ப் பார்ப்போம், தேறியிருந்தால் திட்டத்தை உலக அமைப்பின் முன் வைப்போம் என்றார்.

கிளறப்போன பயணத்தில் என்னைச் சேர்க்கவில்லை. கப்பலில் பெண்களுக்கு அறை இல்லையாம். நான் போட்ட படத்தை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

கிளறிய இடத்துக்கு அடையாளமாக வைக்க சிமென்ட் கட்டைகளை எங்கள் அலுவலக முற்றத்திலேயே வார்த்தார்கள். ஈரம் காய்வதற்குள் கன்னியப்பன் ஒரு கட்டையின் மேல்பக்கத்தில் வலது கையை அழுத்திப் பதித்தார். காய்ந்ததும் அந்தப் பள்ளத்தில் படகுக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்ட்டை ஊற்றினார். ஐந்து விரலும் விரித்த கை.

"இன்னா வேலைண்ணா இது? சார் பாத்தா திட்டப் போறாரு" என்றேன்.

"உங்க நைனா பட்டாவுக்கு நடையா நடந்தாரே, நான் பாரு, கை வெச்சி பட்டா வாங்கிகினேன். அந்த எடம் இனிமே என்னுது, எஸ்தரு."

சார் பார்த்தார். திட்டவில்லை. எந்தப் பக்கம் மேல் என்று தெரிய நல்லது என்று விட்டுவிட்டார்.

பயணம் முடிந்து வந்து சொன்னார்கள். இரும்புச் சறுக்கு மாதிரி ஒரு கருவியைக் கடலடியில் இழுத்துக் கட்டிகளையும் மேல்சேற்றையும் வாரி ஒதுக்கினார்கள். கருவி போன இடமெல்லாம் ஏர் ஓட்டியது மாதிரி சால் விழுந்தது. கலங்கிய சேறு அடங்கும்வரை காத்திருந்து, கரையோரத்தில் கட்டைகளை இறக்கினார்கள். சாலின் கரையோரத்தில் என்று சொல்கிறேன், நம் கரையை அல்ல. அங்கே வேலை செய்தவர்கள் உழவு வார்த்தைகளில்தான் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நடந்ததையெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிக்க மனம் வரவில்லை. துறைமுகத்தில் ஒரு பகல் வேளையில், சுற்றிக்கொண்டிருந்த கம்பிவடம் விலகி கன்னியப்பனின் வலது கையை உருளையோடு சேர்த்து இழுத்துவிட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடியோடு போயின. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன எனக்கு கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்ததும் தலை சுற்றி, நர்ஸ் எனக்கு நாற்காலி போட வேண்டியதாயிற்று. அவரோ, "மூணு கீதே, சோத்துக்கு அது போறும்" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு சுனாமி. அது ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் ஆள் இல்லாததால் பிழைத்தோம். மறுநாள் போனபோது முற்றத்தையே காணவில்லை. மிச்சம் இருந்த சிமென்ட் கட்டைகள் சாலைக்கு அந்தப் பக்கம் கிடந்தன. ஜீப் சவுக்குத் தோப்புக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. கன்னியப்பன் வீடு இருந்த இடத்தில் வெறும் மணல். ஆட்கள் முன்பே ஓடிப் பிழைத்திருந்தார்கள். ஆனால் அந்த மணலைப் பார்த்து அவர், "இங்கதாம்மா வாசப்படி கீது... இருந்துது..." என்று காலால் தடவித் தேடினார். ஒரு காலைப் பொழுதில் எங்கள் கரை வேறு கரையாகிவிட்டது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த அலையைக் கண்ணால் பார்த்தபின் எங்களில் யாருக்கும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இரண்டாவது பயணத்துக்கு ஏற்பாடு நடந்தபோது சாரே சொன்னார்: "இவ்ளோ பெரிய அலை அந்தக் கடல் மேலயே போயிருக்கு. நம்ம சாலாவது ஒண்ணாவது. எல்லாம் தூந்து போயிருக்கும்." தேறிவிட்டது என்று காட்டும் படத்துக்குப் பச்சைக் கோடுகளை முன்கூட்டியே நான் தயார் செய்துவைத்திருந்தேன்.

அந்தப் பயணத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அறையும் கிடைத்தது, கூடவே வாந்தியும். கரை மறைந்து நாட்கணக்கில் ஓடி அந்த இடத்தை அடைந்தோம். நான் வருஷக்கணக்கில் தாளில் கோடு கிழித்த இடம். மேலே நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெயில், தண்ணீர், மறுபடி தண்ணீர்.

காலை நாஸ்தா முடிந்து காமிராவை இறக்கினார்கள். அடியைத் தொட மணிக்கணக்கில் ஆகும். விஞ்ச்சைப் புதுப் பையன்கள் ஓட்டினார்கள். கன்னியப்பன் மேற்பார்வை. கீழே அறையில் திரைக்கு முன்னால் சார், நான், உயிரியல்காரர்கள் இருவர். திரை கறுப்பாகவே இருந்தது. திடீரென்று சாம்பல் நிறத்தில் தரை தெரிந்தது.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். கரிய கட்டிகள் கண்ணுக்கெட்டிய மட்டும். ஒரு கட்டியின்மேல் மெல்லிய காம்பு ஒன்று, அதன் நுனியில் கண்ணாடிக் கிண்ணம் போல ஒரு வெள்ளைப் பஞ்சுயிரி. நீளக்கை நட்சத்திரமீன் ஒன்று அதைக் கட்டிக்கொண்டிருந்தது. வயலட் நிறத்தில் ஒரு கடல் அட்டை தன் பாட்டுக்கு ஊர்ந்து போனது. அவற்றில் பல, கட்டி இருந்தால்தான் ஒட்டி வாழும் என்றார் உயிரியல்காரர். அந்தக் கட்டி ஒரு விரற்கடை வளர எத்தனையோ லட்சம் வருஷம் ஆகும். இது எனக்குப் புத்தகத்தில் தெரியும். கண்ணால் பார்த்தபோது, நான் மஞ்சள் அடித்த பட்டைகளில் இவ்வளவு பேர் குடியிருக்கிறார்களா என்று தோன்றியது.

காமிரா எங்கள் பழைய இடத்தை நோக்கி நகர்ந்தது. இங்கேதான் இருக்கும், தூர்ந்திருக்கும், அடையாளம் தெரியாது, கட்டையைத் தேடிக் கண்டுபிடிப்போம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு பாதியில் நின்றது.

சால் தெரிந்தது.

தேடவே வேண்டியிருக்கவில்லை. நேற்று ஓட்டிவிட்டு இன்றைக்குக் காலையில் வந்து பார்க்கிற மாதிரி இருந்தது. சறுக்கின் இரண்டு ஓரமும் அறுத்த விளிம்பு விளிம்பாகவே நின்றது. புரட்டிப் போட்ட மண்கட்டிகூட கரையவில்லை. சாலுக்குள் ஒரு கட்டி இல்லை, ஒரு காம்பு இல்லை, ஒரு நட்சத்திரம் இல்லை. வெறும் சேறு. சாலுக்கு அக்கம்பக்கத்திலும், நாங்கள் தொடாத இடத்தில், கலங்கிய சேறு வந்து படிந்து கட்டிகள் சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடந்தன. அவற்றின் மேலும் யாருமில்லை.

எந்த அலை எங்கள் கரையைத் துடைத்துப் போட்டதோ, அதே அலை இந்தக் கடலின் மேலேதான் போயிருந்தது. இங்கே ஒரு தூசியும் நகரவில்லை. சார் கைகட்டி நின்ற நிலையில் அப்படியே நின்றார்.

விஞ்ச்சிலிருந்து கன்னியப்பன் போனில், "இன்னா சார், எடம் ஆப்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் வராததால் கீழே இறங்கி வந்துவிட்டார். அவர் கதவைத் திறக்கவும் திரையில் கட்டை வரவும் சரியாக இருந்தது.

சிமென்ட்டின் நிறம்கூட மங்கவில்லை. மேலே சிவப்புக் கை. ஐந்து விரல்.

"ஐயோ!" என்றார் கன்னியப்பன். அடிபட்டவர் போடுகிற சத்தம் அது. திரைக்குப் பக்கத்தில் போய், தன் வலது கையைத் தூக்கி அந்தச் சிவப்புக் கைக்கு நேராகக் கண்ணாடியில் வைத்தார். மூன்று விரலை அவர் கை மறைத்துக்கொண்டது. மிச்சம் இரண்டு விரல் திரையில் தனியாகச் சிவப்பாகத் தெரிந்தது.

"இங்க கீது பாரு எஸ்தரு. என் வெரலு இங்க கீது. மேல எனுக்கு எல்லாம் போச்சி. வெரலு போச்சி, வூடு போச்சி. இங்க ஒண்ணுமே ஆவல. இன்னா சார் இது... இங்க நாளே போவாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு சன்னமான குரலில், எங்களிடமா தன்னிடமா தெரியாது, "இது தோப்பு இல்லடா கன்னியப்பா" என்றார். அவர் யாரையும் 'டா' போட்டுப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் சார் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் கணக்கு புரிந்துபோயிருந்தது. பட்டை பட்டையாக அள்ளினால், அள்ளிய பட்டை தேறாது. கலங்கும் சேறு படிந்து, தொடாமல் விட்ட பட்டையும் சாகும். பிறகு அள்ளியது தேறிவிட்டது என்று நம்பிக்கொண்டு அதையும் அள்ளுவார்கள். கடைசியில் அந்த உயிர்கள் ஒண்ட ஓர் இடம்கூட இருக்காது. எல்லாம் என் கையால் போட்ட பச்சை மஞ்சள் கோட்டின்படி, முறையாக, சட்டப்படி நடக்கும். அது டெல்லியில் ஒப்புதல் ஆகிக் காத்திருக்கிறது. நிறுத்தக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவருக்கோ பணி ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் திட்டம்தான் அவர் பெயரைச் சொல்லும் ஒரே வேலை.

கூட்டம் எங்கள் அலுவலகத்திலேயே நடந்தது. டெல்லியிலிருந்து வந்திருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. நாட்டுக்கு நிக்கல் வேண்டும், கோபால்ட் வேண்டும், அது அவர் கவலை. நிழற்படங்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இந்தச் சில வருஷத்துல தேறல, சரி. இன்னும் கொஞ்ச காலத்துல தேறும் இல்லையா? இருபதுன்னு போடுங்க, முப்பதுன்னு போடுங்க. ஒரு நம்பர் இருந்தா திட்டம் நிக்கும் மிஸ்டர் ஏகாம்பரம். உங்க திட்டம்தானே?"

சார் என் பக்கம் கை நீட்டினார். பட்டைத் திட்டப் படத்தைக் கொடுத்தேன். மேஜையில் விரித்து, வழக்கம்போலத் தலைகீழாகத் திருப்பினார். டெல்லிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குத் தெரியும். டீக்காரர் வாசலில் நின்றுவிட்டார். நான் நினைத்தேன், இத்தனை வருஷம் எல்லாருடைய படத்தையும் இப்படிப் பார்த்த மனிதர் இன்றைக்குத் தன்னுடையதைப் பார்க்கிறார் என்று.

பென்சில் முனையை ஓர் இடத்தில் வைக்கவில்லை அவர். ஸ்கேலை எடுத்தார். பச்சை, மஞ்சள் எல்லாவற்றின் மேலும், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, நிதானமாகச் சாய்கோடு போட ஆரம்பித்தார். பேனாவால். போட்டுக்கொண்டே பேசினார்.

"நான் சவுக்கு போடற வூட்டுல பொறந்தவன் சார். வெட்டினா முளைக்கும்னு நெனச்சிட்டேன். இப்ப பாத்துட்டேன், முளைக்கல. எப்ப முளைக்கும்னு நான் பாக்கல. யாரும் பாக்கல. பாக்காத எடத்துக்கு எங்க ஆபீஸ்ல நம்பர் போடற பழக்கம் இல்ல."

பிறகு வேறொரு தாளை எடுத்து, கட்டிகள் நெருக்கமாகக் கிடக்கும் நல்ல இடத்தின் மேலேயே பெரிய சதுரம் ஒன்றைப் போட்டார். சுற்றிலும் சேறு வந்து படியாத அளவுக்கு அகலமான விளிம்பு. உள்ளே யாரும் கை வைக்கக்கூடாது, நாமும் சேர்த்துத்தான் என்றார்.

அதிகாரியின் முகம் சிவந்தது. இந்த நிலத்தை விட்டுக்கொடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். சார், "நம்ம நெலம்னு யாரு சார் சொன்னது?" என்றார். சத்தம் போடவில்லை.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். இழுபறி மாதக்கணக்கில் நடந்தது. கடைசியில் சதுரத்தைப் பாதி நகர்த்திவிட்டார்கள். பாதி நல்ல இடத்தில், பாதி சாதாரண இடத்தில். ஆனால் பட்டைத் திட்டம் போயிற்று, திரும்ப வரவில்லை. ஓய்வு பெறும் நாளில் சாருக்குச் சால்வை போட்டார்கள். யாரும் அந்தச் சாய்கோட்டைப் பற்றிப் பேசவில்லை. சில வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். செய்யூருக்குப் போயிருந்தோம். தோப்பு வெட்டி, மறுபடி நட்டு, ஆளுயரம் வளர்ந்திருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு அன்றைக்கு என்னவோ போல் இருந்தது.

கன்னியப்பன் இருக்கிறார். ஓய்வூதியத்துக்காக வருஷம் ஒருமுறை அலுவலகம் வருவார். மூன்று விரலால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போடுவார். நந்தினிதான் தாளை நகராமல் பிடித்துக்கொள்வாளாம். திரையில் வந்த அந்தச் சிவப்புக் கையின் நிழற்படம் வராந்தாவில் மாட்டியிருக்கிறது. அதன் கீழே நின்றுதான் இருவரும் டீ குடிப்பார்களாம்.

இன்று காலை நந்தினியைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே டக்டக் சத்தம்.

"ஏகாம்பரம் சார் நம்பர் போடலம்மா. சாய்கோடு போட்டாரு" என்றேன்.

"இதுல கோடு ஏத்துக்காது மேடம். நம்பர்தான். சும்மா ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, போட்டுட்டு அடுத்ததுக்குப் போறேன்."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. அதே கேள்வி, அதே அவசரம், இந்தத் தடவை நம் வீட்டுப் பெண்ணின் குரலில்.

"கன்னியப்பனுக்கு விரல் முளைக்க எத்தன வருஷம் ஆகும்னு அவரையே கேட்டு, அதப் போடு" என்றேன்.

டக்டக் சத்தம் நின்றது.